சும்மா ஆடியவர்கள்

தூத்துக்குடிக்குப் பனி என்றால் அது மாதாவின் பெயர். வெயில் மண்டையைப் பிளக்கிற ஆகஸ்ட் 5ஆம் நாள் பனிமய மாதாவுக்குத் திருவிழா எடுக்கிற ஊர் இது. ரோம் நகரத்துக் குன்றொன்றில் நடுக்கோடையில் பனி பெய்ததாகச் சொல்லும் பழங்கதை, கடல் கடந்து வந்து பரதவர் வீடுகளில் பிள்ளைகளின் பெயராக நிலைத்துவிட்டது. மற்றபடி குளிர்காலம் என்பது இங்கே வாடைக்காற்றின் காலம். கடல் கலங்கிக் கிடக்கும். மாநகரின் வடகோடியில், சங்குகுளிக்கிறவர்களும் வள்ளக்காரர்களும் வாழ்கிற திரேஸ்புரத்தில், வள்ளங்கள் வேலையில்லாமல் கரையில் நிற்கிற நாட்கள் கூடும். கிறிஸ்துமஸ் தொடங்கிப் பொங்கல் வரை கடற்கரை ஊர்கள் பலவற்றில் கால்பந்துப் போட்டி நடப்பது இந்த ஓய்வில்தான். காலையில் கருவாடு காய்கிற, வலை விரிகிற மணல், பொழுது சாய்ந்ததும் பையன்களின் மைதானமாகிவிடும். அந்தக் கருவாட்டைக் காயவைத்து, புரட்டி, அள்ளிக்கொண்டு போன கைகள் யாருடையவை என்பதை மைதானம் மறந்துவிடும்.

குளிர்கால ஓய்வில் பந்து உதைப்பது பெரிய கிளப்புகளுக்கும் உண்டு. நார்வே, சுவீடன் நாடுகளின் லீக் ஆட்டங்கள் பெரும்பாலும் ஏப்ரலில் தொடங்கி நவம்பரில் முடியும். அதற்குப் பிறகு அங்கே புல்தரை உறைந்துவிடும். ஜெர்மனியில் சீசனுக்கு நடுவிலேயே குளிர்கால விடுமுறை வரும். அந்த நாட்களில் கிளப்புகள் ஸ்பெயினுக்கும் போர்ச்சுகலுக்கும் வெயில் தேடிப் போகும். போன இடத்தில் தங்களுக்குள் நட்புப் போட்டிகள் ஆடும். 2015 ஜனவரியில் அமெரிக்காவின் புளோரிடாவில் அப்படியொரு போட்டி தொடங்கப்பட்டபோது, லெவர்குசன், கொலோன் என்ற இரண்டு ஜெர்மன் கிளப்புகளும் கொரிந்தியன்ஸ், புளுமினென்சி என்ற இரண்டு பிரேசில் கிளப்புகளும் வந்து ஆடின. இவற்றில் யார் வென்றாலும் லீக் புள்ளிப் பட்டியலில் ஒன்றும் மாறாது. ஆனால் ஆட்டக்காரரின் சம்பளம் ஓடிக்கொண்டிருக்கும். விமானச் சீட்டு, விடுதி, தொலைக்காட்சி உரிமம், சட்டையில் ஒட்டிய விளம்பரம் எல்லாவற்றுக்கும் கணக்கு உண்டு. முடிவு ஒன்றைத் தவிர எல்லாமே கணக்கில் சேரும் ஆட்டம் அது.

பெண்களும் நட்புப் போட்டி ஆடியிருக்கிறார்கள். நூறு ஆண்டுகளுக்கு மேலாக ஆடுகிறார்கள். அவர்களுக்கு நேர்ந்தது என்ன என்பதைப் பார்க்கும் முன் ஒரு சொல்லைப் பற்றிப் பேச வேண்டும்.

திரேஸ்புரத்திலிருந்து வந்து என்னிடம் படித்த மாணவி ஒருத்தி பள்ளி அணியில் கோல் காத்தவள். நெய்தலின் முதற்பொருளை நடத்திக்கொண்டிருந்த ஒருநாள், அதற்குரிய சிறுபொழுது எற்பாடு, வெயில் தாழும் நேரம் என்று சொன்னபோது, “அது எல்லாரும் பந்தடிக்கிற நேரம்லா மேம்” என்றாள். வகுப்பு சிரித்தது. நீயும் போவாயா என்று கேட்டேன். “முன்னாடி போவேன் மேம். இப்ப இல்ல. அதுவும் சும்மாதான்” என்றாள்.

தமிழகத்து நாளிதழ்கள் நட்புறவுப் போட்டி என்று எழுதுகின்றன. இலங்கை இதழ்கள் சிநேகபூர்வ ஆட்டம் என்கின்றன. இரண்டையும்விட என் மாணவி சொன்ன தமிழ் துல்லியமானது. தாயுமானவருக்குச் சும்மா இருப்பது ஞானத்தின் உச்சி. ஆனால் “உங்க வீட்ல என்ன பண்றாங்க?” என்ற கேள்விக்கு ஓர் ஆண் “சும்மாதான் இருக்கா” என்று சொல்லும்போது அந்தச் சொல் வேறொரு வேலையைச் செய்கிறது. விடியுமுன் எழுந்து ஏலத்துக்குப் போய், மீனை எடுத்து, பேருந்தில் ஏறமுடியாமல் ஆட்டோவுக்குப் பங்கு போட்டு, தெருத் தெருவாக விற்று, மிஞ்சியதை உப்பிட்டுக் காயவைத்து, கடனுக்கு வட்டி கட்டிவிட்டு வருகிறவளையும் விண்ணப்பப் படிவத்தில் ‘இல்லத்தரசி’ என்று எழுதவைக்கிற சொல் அது. இந்தக் கரையின் முத்துக்குளிப்பைப் பற்றிய காலனிக் கால அட்டவணைகளில் தோணிகள் எத்தனை, குளியாளிகள் எத்தனை, சிப்பிகள் எத்தனை என்று எண்ணிவைத்திருக்கிறார்கள். நான் பார்த்த பக்கங்களில் பெண்களுக்கென்று ஒரு பத்திகூட இல்லை. அவர்கள் அப்போதும் சும்மாதான் இருந்திருப்பார்கள் போலும்.

பெண்கள் கால்பந்தின் வரலாறு இந்தச் சும்மாவின் வரலாறு. அதன் மிகத் தெளிவான அத்தியாயம் நடந்தது இங்கிலாந்தின் லங்காஷயரில், பிரஸ்டன் என்ற ஆலை நகரத்தில். நமக்கு முற்றிலும் அந்நியமான ஊர் என்று சொல்ல முடியாது. அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்தில் அங்கிருந்து பஞ்சு வராமல் லங்காஷயர் தவித்தபோது, திருநெல்வேலிச் சீமைப் பருத்தி தூத்துக்குடித் துறைமுகம் வழியாகத்தான் அந்த ஆலைகளுக்குப் போனது.

1914 கிறிஸ்துமஸ் அன்று போர்முனையில் ஆங்கிலேயச் சிப்பாய்களும் ஜெர்மன் சிப்பாய்களும் பதுங்குகுழியைவிட்டு ஏறிவந்து பந்து உதைத்த கதை உலகத்துக்கே தெரியும். திரைப்படமாகவும் வந்துவிட்டது, கடை விளம்பரமாகவும் வந்துவிட்டது. அது ஒழுங்கான ஆட்டமா, கொஞ்சநேரம் உதைத்துக்கொண்டார்களா என்று வரலாற்றாளர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். மூன்று ஆண்டுகள் கழித்து, 1917 கிறிஸ்துமஸ் அன்று, பிரஸ்டனின் தொழில்முறைக் கிளப் மைதானமான டீப்டேலில் நடந்த ஆட்டத்தைப் பற்றி அப்படி எந்த ஐயமும் இல்லை. டிக், கெர் தொழிற்சாலையில் வெடிகுண்டு செய்துகொண்டிருந்த பெண்களின் அணி, கோல்டர்ட் வார்ப்பாலைப் பெண்களின் அணியை 4-0 என்று வென்றது. பார்த்தவர்கள் 10,000 பேர். வசூலான 600 பவுண்டுக்கு மேற்பட்ட தொகை காயம்பட்ட படைவீரர்களின் மருத்துவமனைக்குப் போனது. இந்தக் கிறிஸ்துமஸ் ஆட்டத்தை வைத்து யாரும் சாக்லேட் விற்கவில்லை.

மதிய இடைவேளையில் ஆலை முற்றத்தில் ஆண்களோடு உதைத்துப் பழகியவர்கள் அவர்கள். ஆண்கள் போருக்குப் போனதால் வேலை கிடைத்தது. ஆண்களின் லீக் நின்றுபோனதால் மைதானமும் கிடைத்தது. போர் முடிந்ததும் வேலையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகவேண்டும் என்பது எழுதப்படாத ஏற்பாடு. பந்தை மட்டும் அவர்கள் திருப்பிக் கொடுக்கவில்லை. 1920 டிசம்பரில் ஒரு மாலை, டீப்டேலில் இரவு ஆட்டம் நடத்தினார்கள். அதற்குப் போர்த்துறையிடம் இரண்டு தேடுவிளக்குகளை இரவல் கேட்டார்கள். அனுமதி கொடுத்த அமைச்சர் வின்ஸ்டன் சர்ச்சில். இருட்டில் தெரிய வேண்டுமென்று பந்துக்கு வெள்ளையடித்தார்கள். வேலையில்லாமல் நின்ற முன்னாள் படைவீரர்களுக்காக நிதி திரட்டிய ஆட்டம் அது. அதே மாதம் கிறிஸ்துமஸ் விடுமுறையில் லிவர்பூலின் குடிசன் பார்க் மைதானத்தில் செயின்ட் ஹெலன்ஸ் பெண்கள் அணியோடு ஆடினார்கள். உள்ளே 53,000 பேர். இடமில்லாமல் வெளியே நின்றவர்கள் 14,000 பேர் என்கிறார்கள். வசூல் 3,115 பவுண்டு. இங்கிலாந்தில் ஒரு பெண்கள் கிளப் ஆட்டத்துக்கு அதைவிடப் பெரிய கூட்டம் கூடுவதற்கு நூறு ஆண்டுக்கு மேல் ஆயிற்று.

அந்த அணியின் லில்லி பார் பதினைந்து வயதில் ஆட வந்தவர். இடதுகாலால் அவர் அடிக்கும் அடியைப் பற்றிக் கதை கதையாகச் சொல்வார்கள். பிற்காலத்தில் ஒரு மனநல மருத்துவமனையில் செவிலியாக வேலை பார்த்துக்கொண்டே, 1951 வரை ஆடினார்.

இந்த ஆட்டங்கள் எல்லாமே நட்புப் போட்டிகள், தொண்டுக்கான போட்டிகள். பெண்களுக்கென்று லீக் கிடையாது. ஆட வருகிற நாளுக்கு வேலையிழப்பு ஈடாக ஆளுக்குப் பத்து ஷில்லிங் கொடுக்கப்பட்டது. அதே காலத்தில் ஆண் தொழில்முறை வீரருக்கு வைக்கப்பட்டிருந்த உச்சவரம்பு வாரத்துக்கு 9 பவுண்டு. இருபது ஷில்லிங் ஒரு பவுண்டு. கணக்கை வாசிப்பவரே போட்டுக்கொள்ளலாம். தொண்டு என்ற சொல் பெண்களை மைதானத்துக்குள் அனுமதித்தது. அதே சொல்தான் அவர்களைக் கூலி கேட்கவிடாமலும் செய்தது.

1921இல் மட்டும் 67 ஆட்டங்கள் ஆடினார்கள். அந்த ஆண்டு சுரங்க முதலாளிகள் கதவடைப்புச் செய்து தொழிலாளர் குடும்பங்கள் பட்டினி கிடந்தபோது, பெண்கள் அணிகள் அவர்களுக்காகவும் ஆடி நிதி சேர்த்தன. படைவீரருக்குச் சேர்த்தபோது பாராட்டியவர்களுக்கு இது உறுத்தியது என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு. எனக்கும் அது சரியென்றே படுகிறது. ஏனென்றால் 1921 டிசம்பர் 5ஆம் நாள் ஆங்கிலக் கால்பந்துச் சங்கம் போட்ட தீர்மானத்தில் இரண்டு காரணங்கள் இருக்கின்றன. ஒன்று, கால்பந்து பெண்ணுக்குப் பொருந்தாத ஆட்டம். இன்னொன்று, வசூலில் பெரும்பங்கு செலவுக்குப் போய்விடுகிறது, தொண்டுக்குப் போதுமான அளவு போவதில்லை. முதல் காரணம் பெண்ணுடலைப் பற்றியது. இரண்டாவது பெண் கையில் புரளும் பணத்தைப் பற்றியது. ஒன்று மட்டும் போதாதென்று இரண்டையும் சேர்த்து எழுதியிருக்கிறார்கள்.

தடையின் நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். ஆடக்கூடாது என்று அவர்கள் சொல்லவில்லை. சங்கத்தில் சேர்ந்த கிளப்புகள் தங்கள் மைதானத்தைப் பெண்களுக்குக் கொடுக்கக்கூடாது என்றார்கள். பூங்காவில் ஆடலாம், மேய்ச்சல் தரையில் ஆடலாம். சும்மா ஆடலாம். 53,000 பேர் உட்காரும் இடத்தில்தான் ஆடக்கூடாது. அந்தத் தடை நீங்க ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் ஆயின. பிரேசிலில் 1941இல் அரசாணையே போட்டார்கள்; 1979 வரை அது நீடித்தது. மேற்கு ஜெர்மனியின் சங்கம் 1955 முதல் 1970 வரை தடுத்துவைத்தது. இன்று புளோரிடாவுக்கு விமானம் ஏறிப்போகும் கிளப்புகளின் நாடுகள் இவை.

பெண்ணுக்குப் பொருந்தாது என்று சொன்ன மருத்துவர்களில் பெண்ணும் ஒருவர் இருந்தார். அவர் பெயர் நம்மூருக்குப் புதிதல்ல. மேரி ஷார்லீப். 1875இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த முதல் நான்கு பெண்களில் ஒருவர். ஆண் மருத்துவரிடம் உடலைக் காட்ட முடியாமல் பிரசவத்தில் செத்துக்கொண்டிருந்த பெண்களுக்காகச் சென்னையில் மருத்துவமனை அமைய உழைத்தவர். திருவல்லிக்கேணியில் இன்றும் பழைய ஆட்கள் கோஷா ஆஸ்பத்திரி என்று சொல்லும் கஸ்தூர்பா மருத்துவமனை அதுதான். பெண்கள் மருத்துவம் படித்தால் உடல் தாங்காது என்று கேட்டுக் கேட்டு அதை உடைத்து வெளியே வந்தவர், லண்டனில் புகழ்பெற்ற மருத்துவரான பிறகு, கால்பந்து பெண்ணின் உடற்கட்டுக்கு மிஞ்சிய ஆட்டம் என்று பத்திரிகைக்குக் கருத்துச் சொன்னார். அவரைத் திட்டிவிட்டுக் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை. அவர் உடைத்த கதவு மேல்தட்டுப் பெண்ணின் படிப்புக்கான கதவு. ஆலைத் தொழிலாளிப் பெண் பன்னிரண்டு மணிநேரம் குண்டு செய்தபோது அவள் உடற்கட்டு தாங்குமா என்று சங்கம் தீர்மானம் போடவில்லை. மாலையில் பந்து உதைத்தபோதுதான் போட்டது. உப்பளத்தில் வெயிலில் நிற்கிற பெண்ணின் கருப்பையைப் பற்றி இங்கேயும் யாருக்கும் கவலை வருவதில்லை. அவள் மகள் அரைக்கால் சட்டை போட்டால் ஊருக்கே கவலை வந்துவிடும்.

தமிழ் படித்தவளுக்கு இந்தத் தடையைக் குறிக்கப் புதுச்சொல் தேட வேண்டியதில்லை. இற்செறிப்பு என்று நம்மிடம் இருக்கிறது.

சங்க நெய்தலில் பெண்பிள்ளைகள் ஓயாமல் விளையாடுகிறார்கள். வண்டல் இழைக்கிறார்கள், அலவன் விரட்டுகிறார்கள், ஓரை ஆடுகிறார்கள், கடலாடுகிறார்கள், மணலில் காயும் மீனைக் கவர வரும் பறவைகளை ஓட்டுகிறார்கள். கடைசியாகச் சொன்னது விளையாட்டே இல்லை, வேலை. கருவாட்டுக்குக் காவல். அதையும் விளையாட்டுகளின் வரிசையில் வைத்து அழகுபடுத்தியிருக்கிறது கவிதை. ஒரு கட்டத்தில் அவள் உடல் வளர்கிறது, அலர் எழுகிறது, தாய் அவளை வீட்டுக்குள் வைத்துக் காக்கிறாள். இனி அவள் கானலுக்கு வரமாட்டாள் என்று தோழி தலைவனிடம் சொல்கிறாள். மணத்தை விரைவுபடுத்தத் தோழி கையாளும் உத்தி என்று இதற்கு விளக்கம் சொல்லித்தான் நாங்கள் பாடம் நடத்துகிறோம். காதலனைப் பார்க்க முடியாத துயரம் அங்கே பேசப்படுகிறது. விளையாட்டை இழந்த துயரத்துக்கு நான் படித்த உரைகளில் இடமில்லை. என் மாணவியின் ‘முன்னாடி’ என்ற சொல்லுக்கும் ‘இப்ப இல்ல’ என்ற சொல்லுக்கும் நடுவில் இருப்பது அதுதான். பெரியவளானதும் அரைக்கால் சட்டையைப் பற்றிப் பேச்சு வந்தது. பேச்சு வந்ததும் அப்பா வேண்டாம் என்றார். அலருக்குப் பின் இற்செறிப்பு. துறை மாறவில்லை.

பெண்ணும் பந்தும் தமிழில் சேர்ந்து வராமலில்லை. சிலப்பதிகாரத்தின் வாழ்த்துக் காதையில் பெண்கள் பந்தாடியபடி பாடும் கந்துகவரி இருக்கிறது. அங்கே பந்தைவிடப் பாண்டியனின் புகழ்தான் உயரமாகப் போகிறது. குற்றாலக் குறவஞ்சியில் வசந்தவல்லி பந்தடிக்கிறாள். கவிராயரின் கண் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்: வளை, இடை, கொங்கை, கூந்தல். சந்தத்தில் சொக்கிப்போய் மேடையில் அதைப் பாடாத தமிழாசிரியர் உண்டா? நானும் பாடியிருக்கிறேன், இனியும் பாடுவேன். பந்து எங்கே விழுந்தது, எத்தனை முறை அடித்தாள் என்று மட்டும் அந்தப் பாட்டு எண்ணுவதில்லை. பெண் ஆடினால் பார்க்கப்படுகிறாள், ஆட்டம் பார்க்கப்படுவதில்லை.

இந்தியாவுக்கு வருவோம். பெண்களுக்கான கால்பந்துக் கூட்டமைப்பு 1975இல் தொடங்கப்பட்டது. அந்த ஆண்டே லக்னோவில் முதல் தேசியப் போட்டி நடந்தது. ஆண்களின் அகில இந்தியக் கூட்டமைப்பு தனி, இது தனி. 1980 ஜனவரியில் கோழிக்கோட்டில் ஆசியப் பெண்கள் கால்பந்துப் போட்டி நடந்தபோது இந்தியா இரண்டு அணிகளை இறக்கியது. அவற்றில் ஒன்று இறுதியாட்டம் வரை போய்ச் சீனத் தைபேயிடம் 2-0 என்று தோற்றது. 1983இலும் இந்தியாவுக்கு ஆசியாவில் இரண்டாமிடம். இந்தச் செய்தியை வகுப்பில் சொல்லும்போது பிள்ளைகள் நம்புவதில்லை. அதைச் சாதித்தவர்களின் அமைப்பை அகில இந்தியக் கூட்டமைப்பு தன்னோடு சேர்த்துக்கொண்டது 1990களின் தொடக்கத்தில்தான். உலகக் கோப்பை என்ற ஒன்று பெண்களுக்கு 1991இல் வந்த பிறகு, இனிமேல் இதைச் சும்மா என்று சொல்ல முடியாது என்ற நிலைமை வந்த பிறகு.

கிளப்புகளின் லீக் வர மேலும் கால்நூற்றாண்டு ஆயிற்று. முதல் இந்தியப் பெண்கள் லீக் 2017 ஜனவரி 28 முதல் பிப்ரவரி 14 வரை டெல்லியின் அம்பேத்கர் மைதானத்தில் நடந்தது. ஆறு அணிகள். தமிழ்நாட்டிலிருந்து போனது ஜேப்பியார் தொழில்நுட்பக் கல்லூரியின் (Jeppiaar Institute of Technology) அணி. தேதிகளை மறுபடி பாருங்கள். பதினெட்டு நாள். இறுதிவரை போகும் அணிக்கே ஏழு ஆட்டம். ஆண்களுக்கு லீக் என்பது மாதக்கணக்கில் ஓடும். சொந்த ஊர் மைதானத்திலும் எதிரணி ஊரிலும் மாறி மாறி ஆடுவார்கள். பெண்களுக்கு ஒரே ஊரில், ஒரு குளிர்காலப் போட்டியைப் போல நடத்தி, அதற்கு லீக் என்று பெயர் வைத்தார்கள். 2020இலும் ஜனவரி கடைசியில் தொடங்கிப் பிப்ரவரி நடுவில் பெங்களூரில் முடிந்துவிட்டது. கடல் தொழிலில் சீசன் என்ற சொல்லுக்கு ஒரு கனம் உண்டு. சீசன் என்றால் வருமானம், சீசன் இல்லையென்றால் கடன். ஆண்டுக்குப் பதினெட்டு நாள் சீசனை வைத்து எந்தக் குடும்பம் பிழைக்கும் என்று திரேஸ்புரத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

இதற்குள்தான் தமிழ்நாட்டுப் பெண்கள் வென்றார்கள். 2018 பிப்ரவரியில் ஒடிசாவில் நடந்த தேசிய சாம்பியன் போட்டியின் இறுதியில், அந்தக் கோப்பையை வழக்கமாகவே எடுத்துப்போகும் மணிப்பூரை 2-1 என்று வென்றது தமிழ்நாடு. அடுத்த ஆண்டு மே மாதம் லூதியானாவில், அமிர்தா அரவிந்த் என்ற பெண் பயிற்சியாளரின் கீழ், மதுரையின் சேது எஃப்.சி. மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என்று வென்று இந்தியப் பெண்கள் லீக்கை எடுத்தது.

இந்த வெற்றிகளுக்குப் பின்னால் ஒரு டிசம்பர் இருக்கிறது. 2004 டிசம்பர் 26. இலங்கைத் தீவு மறைத்ததால் தூத்துக்குடிக் கரை பேரழிவிலிருந்து தப்பியது. நாகையும் கடலூரும் தப்பவில்லை. கடலூரில் ஆழிப்பேரலையால் பாதிக்கப்பட்ட பிள்ளைகளுக்கான அரசு இல்லத்தில் பணியாற்றிய எஸ். மாரியப்பன் அங்கிருந்த பெண்பிள்ளைகளுக்குக் கால்பந்து கற்றுக்கொடுக்கத் தொடங்கினார். அதிலிருந்து வளர்ந்த பயிற்சிக்கூடம் மாநில அணிக்கும் இந்திய அணிக்கும் ஆட்டக்காரர்களை அனுப்பியது. ஒரு கசப்பான எண்ணம் எனக்கு வருவதுண்டு. பொத்திவைக்க வீடு இருந்திருந்தால் அந்தப் பிள்ளைகளில் எத்தனைபேர் பதினைந்து வயதுக்குப் பிறகும் மைதானத்தில் நின்றிருப்பார்கள்? இற்செறிக்க இல் வேண்டும் அல்லவா? இதை மாரியப்பனின் உழைப்பைக் குறைப்பதற்காகச் சொல்லவில்லை. அப்பா அம்மா உயிரோடு இருக்கிற கரைகளைப் பார்த்துச் சொல்கிறேன்.

கடலூரின் இந்துமதி கதிரேசன் இந்திய அணியின் நடுக்களத்தில் ஆடியவர். 2020இல் நோய்த்தொற்று ஊரடங்கின்போது சென்னைத் தெருக்களில் காவல் உதவி ஆய்வாளராகக் காக்கி உடுப்போடு நின்றார். பத்திரிகைகள் அதைப் பெருமையாக எழுதின. பெருமைதான். ஆனால் நாட்டுக்காக ஆடுகிற ஒருவர், மாதச் சம்பளத்துக்கு வேறொரு சீருடை போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது என்பதும் அதே படத்தில் தெரிகிறது. விளையாட்டு ஒதுக்கீட்டில் போலீஸ், ரயில்வே என்று ஒரு வேலை வாங்கிவிடு என்பதே இங்கே பயிற்சியாளர்கள் பெண்பிள்ளைகளுக்குச் சொல்லும் நல்ல புத்தி. பந்து, வேலைக்கு ஏறும் படிக்கட்டு; வேலை அதுவாக இருப்பதில்லை. வெடிகுண்டு ஆலைப் பெண்ணும் செவிலி லில்லி பாரும் இதைக் கேட்டால் தலையாட்டுவார்கள்.

2023 மார்ச்சில் அகில இந்தியக் கூட்டமைப்பு, பெண்கள் லீக்கின் ஒவ்வொரு கிளப்பும் குறைந்தது பத்து இந்திய ஆட்டக்காரர்களுக்காவது ஆண்டுக்கு 3.2 லட்சம் ரூபாய்க்குக் குறையாத ஒப்பந்தம் தரவேண்டும் என்று அறிவித்தது. மாதத்துக்கு 27,000க்கும் சற்றுக் குறைவு. அந்த டிசம்பரில் ஏழு அணிகளோடு, முதன்முறையாகச் சொந்த ஊரிலும் வெளியூரிலும் மாறி மாறி ஆடும் முறையில் லீக் தொடங்கியது. தொகை சிறியதுதான். இருந்தாலும் ஆட்டத்தைக் கூலிக்குரிய வேலை என்று எழுத்தில் ஒப்புக்கொண்டார்கள். இதற்கு முன் நடந்த அத்தனை ஆட்டத்தையும் எந்தக் கணக்கில் எழுதுவது என்று அந்த அறிவிப்பு சொல்லவில்லை.

நம் கடற்கரைப் பள்ளிகளில் பெண்பிள்ளைகள் ஆடிய ஆட்டங்களுக்குக் கோப்பை இருக்கும். தலைமையாசிரியர் அறைப் பீரோவில் பூட்டியிருக்கும். சான்றிதழ் இருக்கும். யார் எத்தனை கோல் போட்டார்கள், யார் தடுத்தார்கள் என்ற ஏடு இருக்காது. தருவை மைதானத்தில் ஆடிய ஒரு ஆட்டத்தில் மூன்று பந்துகளை எந்தப் பக்கம் பாய்ந்து பிடித்தாள் என்று என் மாணவி கையால் காட்டினாள். எதிரணி எது, எந்த ஆண்டு என்று கேட்டால் தோழிக்குப் போன் போட்டுத்தான் சொல்ல முடிந்தது.

டிக், கெர் பெண்கள் தடைக்குப் பிறகும் கலைந்துவிடவில்லை. 1922இல் அமெரிக்காவுக்குப் போய் ஆண்கள் அணிகளோடு ஆடினார்கள். திரும்பிவந்து, கிடைத்த மேய்ச்சல் தரையிலெல்லாம் ஆடினார்கள். பெயர் பிரஸ்டன் பெண்கள் அணி என்று மாறியது, ஆட்கள் மாறினார்கள், 1965 வரை அணி நீடித்தது. சங்கம் எண்ணாததை அவர்களே எண்ணிவைத்தார்கள். ஆடியது 828. வென்றது 758. சமன் 46. தோற்றது 24. இவற்றில் ஒன்றுகூட எந்த லீக் பட்டியலிலும் இல்லை.